பூஜ்யம் என்று எழுதிய எடைகள்

மார்ச் 15, சனிக்கிழமை. காலை மணி 10:20. எண்ணிக்கை: ஒன்று.

எதை எழுதினாலும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பாய். முதலில் தேதி, அப்புறம் மணி, அப்புறம் எத்தனை. கதை கடைசியில் வரட்டும் என்பாய். மூன்றையும் எழுதிவிட்டேன். இனி கதை.

இன்று ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும்தான். சூளையில் பொருள் அடுக்கும் தட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டைத் தராசில் வைத்தேன். உள்ளங்கை அகலம், சாம்பல் கறுப்பு, ஓரத்தில் ஒன்பது வெட்டுகள். ஒன்பது தடவை சூளைக்குள் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். எடை கூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் தட்டின் எடை கூடும் என்று மூன்று வருஷமாக இந்த ஆலையில் எல்லாருக்கும் பாடம் எடுப்பது நான்தான். போன வாரத்து எண்ணைவிட இன்றைய எண் 0.07 கிராம் குறைவாக இருந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? துண்டை எடுத்தேன். தராசுத் தட்டை ஊதினேன். பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தேன். இரண்டாம் தடவை நல்ல எண் வந்தால் அதை மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று என் கை முடிவு செய்திருந்தது. என்னை அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் அதே எண். உடனே, 'தராசை சர்வீசுக்கு அனுப்ப வேண்டும்' என்று நினைத்தேன்.

நினைத்த மறு நொடியே சிரித்துவிட்டேன். ஒரு காலத்தில் நான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் இதே வாக்கியம்தான்.

மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து உன் நோட்டை எடுத்தேன். பச்சை அட்டைப் பள்ளிக்கூட நோட்டு. சூளைப் பக்கம் போனால் உனக்குத் தலைவலி வந்துவிடும், நெற்றியில் மின்யாக் அங்கின் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அதே விரலால் பக்கம் புரட்டுவாய். அந்தத் தைல வாசனை இன்னும் போகவில்லை. உன் கையெழுத்தில் அறுபத்து மூன்று வரிகள் இருக்கின்றன. அறுபத்து நான்காவது வரியை இன்று என் கையெழுத்தில் எழுதினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் இரண்டு பேரும் ஆயர் ஈத்தாமில் இருக்கும் இந்தச் சின்ன மண்பாண்ட ஆலையில் ஒரே மாதத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நான் பட்டம் முடித்த எஞ்சினியர், நீ டிப்ளோமா வைத்திருந்த ஆய்வுக்கூட டெக்னீஷியன். வயது ஒன்று, சம்பளம் வேறு, அறை ஒன்று. லாயாங் லாயாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவாய், மழை பெய்தால் அரை நாள் ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருப்பாய். என் வீடு உலு திராம். இங்கே ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

சனி, ஞாயிறுகளில் நீ பகுதிநேரமாகப் பட்டம் படித்துக்கொண்டிருந்தாய். கடைசி வருஷத்தில் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நீ எடுத்துக்கொண்ட தலைப்பு, அறிவியல் சிந்தனையில் புரட்சிகள் எப்படி நடக்கின்றன என்பது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சூளை வெப்பநிலையைப் பற்றி எழுதினாலும் ஆலைக்கு ஏதாவது உபயோகம் இருக்குமே என்று நினைத்தேன். வாயிலும் சொன்னேன்.

"இதப் படிச்சு என்னடா செய்யப் போற?"

"நீ எப்ப மாறுவேன்னு பாக்கப் போறேன் லா," என்றாய்.

நமக்குத் தகராறு எல்லாம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ரொட்டி சானாய் கடையில்தான். ஒரு நாள் நெருப்பைப் பற்றிச் சொன்னாய். ஒரு பொருள் எரியும்போது அதற்குள்ளிருந்து ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று ஐரோப்பாவில் ஏறக்குறைய நூறு வருஷம் நம்பினார்களாம். விறகு எரிந்தால் சாம்பல் கொஞ்சம்தானே மிஞ்சுகிறது, அதனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை. உலோகத்தைச் சூடாக்கினால் மட்டும் எடை கூடியது.

தராசு இல்லாத முட்டாள்கள் என்றேன்.

தராசு இருந்தது, நல்ல தராசு, எடை கூடுவதும் அவர்களுக்குத் தெரியும் என்றாய். தெரிந்தும் கொள்கையை விடவில்லை. வெளியேறும் அந்தப் பொருளுக்கு எடை பூஜ்யத்துக்கும் கீழே, அது போனதால் மிச்சம் கனமாகிறது என்று சிலர் விளக்கம் சொன்னார்களாம். குடித்துக்கொண்டிருந்த தே ஆலியா, இஞ்சித் தேநீர், எனக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்படிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய்.

"நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எடை கூடுச்சா, கொள்கை தப்பு. முடிஞ்சுது. ஒரு நாள் வேலை."

சரி என்று தலையாட்டினாய். எதிரே பத்து பகாட் ஊருக்குப் போகும் பஸ் ஒன்று நின்றிருந்தது. ஏறின ஆட்கள் உள்ளே வெந்துகொண்டிருந்தார்கள். அதைக் காட்டிச் சொன்னதை நான் மறக்கவே இல்லை. "அந்த பஸ்ஸு புகை விடுது, ஏர்கோன் இல்ல, எல்லாருக்கும் தெரியும். எவனாவது எறங்குறானா? பின்னால இன்னொரு பஸ்ஸு வந்து நிக்கணும். அப்பத்தான் எறங்குவான்." இது அறிவியல் இல்லை, போக்குவரத்து என்றேன். வித்தியாசம் ரொம்ப இல்லை என்றாய்.

அன்றைக்கு நீ சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கொள்கைக்காரர்களைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோது, நம் ஆய்வுக்கூடத்தில் அதையே நான் எழுத்தில் போட்டு, கையெழுத்தும் வைத்து, சுவரில் ஒட்டியிருந்தேன். நீ அதைப் பார்த்துக்கொண்டே தினமும் வேலை செய்தாய்.

ஒருமுறை சுட்ட களிமண் வில்லைக்குக் கண்ணாடி போன்ற மெருகு பூசி, ஒரு தட்டுத் துண்டின் மேல் வைத்து மெருகுச் சூளைக்கு அனுப்புவோம். மெருகு துண்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எடை போடுவோம். போகும் முன் ஓர் எடை, வந்த பின் ஓர் எடை. படிவத்தில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'எடைக் குறைவு'. முதல் சூட்டிலேயே ஈரம், புகை என்று போக வேண்டியதெல்லாம் போய்விடும், ஆகவே குறைவு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். சில நாள் குறையாது, கூடிவிடும். கணினியில் அந்தக் கட்டம் கழித்தல் குறியை ஏற்காது. சிவப்பு காட்டும். அப்படி அமைத்தவனும் நானே. சூட்டில் எடை எப்படிக் கூடும்? ஈரக்கையால் தொட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் தராசு நகர்ந்திருக்கும். ஆகவே சுவரில் ஒட்டினேன்: 'குறைவு பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் மறுபடி எடை போடவும். மறுபடியும் வந்தால் பூஜ்யம் என எழுதவும்.'

நீ ஒருமுறை கேட்டாய். தராசை சர்வீசுக்கு அனுப்பலாம் என்றேன். இன்னொரு முறை கேட்டாய். அதையே சொன்னேன். மூன்றாம் முறை நீ கேட்கவில்லை. அன்றைக்கே ஆயர் ஈத்தாம் கடையில் பச்சை அட்டை நோட்டு வாங்கியிருக்கிறாய். முதல் பக்கத்தில் தேதி இருக்கிறது. படிவத்தில் பூஜ்யம், நோட்டில் உண்மையான எண்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துச் சின்ன விஷயமாகவே கிடந்திருக்கும். மணியம் அண்ணன் வேலைக்கு ஆபத்து வந்ததால் அப்படிக் கிடக்கவில்லை.

சூளை வண்டியில் தட்டு மேல் தட்டாகப் பொருள் அடுக்குகிற குழுவுக்கு மணியம் அண்ணன் தலைவர். இருபத்திரண்டு வருஷம் அதே வேலை. இரண்டே மாதத்தில் மூன்று வண்டிகள் சூளைக்குள்ளேயே சரிந்தன. தட்டு முறிந்து, அடுக்கு விழுந்து, ஏற்றுமதிக்கு வைத்திருந்த சாடிகள் எல்லாம் தூள். மேனேஜர் என்னைக் காரணம் கண்டுபிடிக்கச் சொன்னார். மூன்றாவது வண்டியைப் போய்ப் பார்த்தேன். பழைய தட்டுகள் மேலே, புதியவை கீழே. நான் வரைந்து கொடுத்த அடுக்கு வரைபடத்தில் அப்படியே தலைகீழாக இருக்கும். சூட்டில் பழகிய தட்டு உறுதியானது, அதனால் பழையது கீழே, புதியது மேலே. நல்ல தர்க்கம்தான். பத்தே நிமிஷத்தில் அறிக்கை தயார்: அடுக்கியவர் வரைபடத்தை மீறியதே காரணம். கீழே என் கையெழுத்து.

சரிந்த முதல் இரண்டு வண்டிகளும் என் வரைபடப்படி அடுக்கியவை. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை. விசாரணை என்பது பேருக்குத்தான், வேலை நீக்கக் கடிதம் முன்பே அச்சாகி மேனேஜர் மேசையில் இருந்தது. நீ புதன்கிழமை என் அறிக்கையை வாங்கிப் படித்தாய், கத்தவில்லை, வாதாடவில்லை. நான் காத்திருந்தேன், வாதாடினால் பதில் தயாராக வைத்திருந்தேன். அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, நாளைக்கு ஒரு மணி நேரம் கொடு, தராசு சரியாக இருக்கிறதா என்று நாமே பார்த்துவிடலாம், சர்வீஸ்காரனைக் கூப்பிட வேண்டாம் என்றாய். தராசைச் சந்தேகப்படுவது எனக்குப் பிடித்த வேலை. ஒத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மேசையில் ஆறு தட்டுத் துண்டுகளைத் துணியால் பாதி மூடி வைத்திருந்தாய். எடை போடு என்றாய். போட்டேன். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்த அன்றைய எடையை வாசித்தாய். கழித்துப் பார்த்தேன். ஆறும் கூடியிருந்தன. ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் நிறைய. கூடின அளவை வைத்து வரிசைப்படுத்து என்றாய். படுத்தினேன். இப்போது துணியை எடு என்றாய்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் வெட்டுகள் இருந்தன. ஒரு சூட்டுக்கு ஒரு வெட்டு. பென்சிலும் மையும் சூளையில் எரிந்துவிடும் என்பதால் அறுவைத் தகட்டால் கீறியிருந்தாய். எண்ணினேன். மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினைந்து, இருபத்தொன்று, முப்பது. நான் அடுக்கிய வரிசை மாறவே இல்லை.

இன்னொரு தடவை எண்ணினேன். பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

"வெட்டினா துண்டோட எடை கொறையும்டா. நீயே சாம்பிளைக் கெடுத்துட்ட," என்றேன்.

"கொறையும். அப்படியும் கூடிருக்கு. அப்பன்னா நெசமா எவ்ளோ கூடியிருக்கும்? நீதானே எஞ்சினியரு, சொல்லு."

நீதான் சொன்னாய். தட்டு சிலிக்கான் கார்பைடு. சூளைக்குள் காற்று இருக்கிறது. சூட்டில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்று தட்டுக்குள் போய்க் கலந்துவிடுகிறது. எடை கூடும், தட்டு உப்பும், உள்ளே நுண்ணிய விரிசல் விடும். பழைய தட்டு உறுதியானது இல்லை. பழைய தட்டு நோயாளி. நான் அதை அடியில் போட்டு மொத்தப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றச் சொல்லியிருந்தேன்.

நெருப்பு எடுத்துக்கொண்டுதான் போகும் என்று நூறு வருஷம் நம்பியவர்களைப் பார்த்து மூக்கில் தேநீர் வரச் சிரித்தவன் நான். என் படிவத்திலும் அதே நம்பிக்கைதான். அவர்களாவது எடை கூடுவதை ஒளிக்காமல் எழுதி வைத்தார்கள். நான் பூஜ்யம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறைக்கு உன்னைக் கூப்பிடவில்லை. டெக்னீஷியனுக்கு அங்கே நாற்காலி கிடையாது. நான் எழுந்து, என் அறிக்கை தப்பு என்றேன். மேனேஜர் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும், புதன்கிழமை சரியாக இருந்தவன் வெள்ளிக்கிழமை எப்படித் தப்பானாய், அடுத்த புதன்கிழமை என்ன ஆவாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எண்களைக் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவில்லை. மணியம் அண்ணன் பக்கம் திரும்பி, வரைபடத்தை ஏன் மீறினாய் என்றார்.

மணியம் அண்ணன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜருக்கு மலாயில் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"பழைய தட்டு சூடு குடிச்சிருக்கு தம்பி. கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிக் குடிச்சி ஊதிப்போயிருக்கு. அத அடியில வச்சா தாங்குமா? ஒங்க படத்துல வேற மாதிரி போட்டிருந்தீங்க. மொத ரெண்டு வண்டிக்கு நீங்க சொன்ன மாதிரிதான் வச்சேன். ரெண்டும் விழுந்திருச்சி. மூணாவதுக்கு என் மனசுப்படி வச்சேன். அதுக்குள்ள நல்ல தட்டு அடி வரிசைக்கு மட்டும்தான் மிச்சம், அதுக்கு மேல இருந்த பழசு முறிஞ்சிருச்சி."

குடிச்சிருக்கு. உள்ளே போயிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஆய்வுக்கூடம் முழுக்க வெளியே போவதை மட்டும் அளந்துகொண்டிருந்தபோது, அவர் வாயில் சரியான படம் தயாராக இருந்தது. இதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். தட்டிப் பார்த்தால் தெரியாதா என்று திருப்பிக் கேட்டார்.

எல்லாரும் சூளைப் பக்கம் போனோம். நீ வாசலில் நின்றிருந்தாய், கூடவே வந்தாய். மணியம் அண்ணன் தட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, விரல் முட்டியால் தட்டினார். புதியது மணி மாதிரி கேட்டது. பழையது பலகை மாதிரி. மேனேஜர், எந்தத் தட்டு எப்போது வாங்கியது என்ற பதிவேட்டை வைத்துக்கொண்டு, அண்ணனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே தட்டத் தொடங்கினார். அண்ணன் பாராமலே புதுசு, பழசு, ரொம்பப் பழசு என்று சொல்லிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு தட்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை. மேனேஜர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புது வரைபடம் எப்போது கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். மன்னிப்பு, பாராட்டு ஒன்றும் இல்லை. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

திங்கட்கிழமை ரொட்டி சானாய் கடையில் என்னை ஒரு வழி பண்ணிவிட்டாய். "அவரு பஸ்ஸு ரொம்ப நாளா அங்கதான் நிக்குது. நீதான் ரோட்ட பாக்கல."

அடுத்த வாரம் தட்டு விற்ற கம்பெனியின் விவரத் தாளைத் தேடிப் பிடித்து வாசித்தேன். ஆறாம் பக்கத்தில், காற்றுள்ள சூளையில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் தட்டு எடை கூடி வலு குறையும் என்று ஒரே வரி, சின்ன எழுத்தில். அட, அலமாக்! உலகத்துக்கே தெரிந்த சங்கதி. எனக்கு அவமானமாக இருந்தது. உனக்கு ஒரே கொண்டாட்டம். உலகத்துக்குப் பழைய நியூஸ்தான், ஆனால் இந்த ஆலைக்குப் புரட்சி என்றாய். நூறு வருஷம் எடுத்ததை நாம் எட்டு மாதத்தில் முடித்தோமே என்றாய். அதைக் கட்டுரையில் ஒரு முழு அத்தியாயமாகவே எழுதினாய். பேர் போடாமல், எஞ்சினியர், டெக்னீஷியன், அடுக்குகிறவர் என்று மட்டும். மூன்று பேரில் எஞ்சினியர்தான் கொஞ்சம் கோமாளியாக வருவான். படித்தேன். ஒரு திருத்தமும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாம் உண்மை.

அந்த அத்தியாயத்துக்காக என்னைப் பேட்டி எடுத்தாய். உணவு நேரத்தில், எதிரே உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"எஞ்சினியர் சார், எப்ப மனசு மாறுனீங்க? தேதி, மணி, எத்தனையாவது அளவு. சொல்லுங்க."

"வியாழக்கிழமை. நாலரை மணி. ஆறாவது துண்டு," என்றேன். யோசிக்கவே இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டாய்.

அது பொய்.

உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நீ போன பிறகு உன் தங்கை ஸ்டெல்லா இந்த நோட்டையும் உன் கட்டுரைப் பிரதியையும் கொண்டுவந்து கொடுத்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பதிலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாய். பேனாவில் போடவில்லை. அழிக்க வசதியாக இருக்கட்டும் என்று எனக்காக விட்டுவைத்தாய் என்றே நினைக்கிறேன்.

சாவைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. டிங்கி காய்ச்சல். திங்கட்கிழமை மெசேஜ் அனுப்பினாய், தலைவலி, இந்தத் தடவை சூளையால் இல்லை என்று. அடுத்த திங்கட்கிழமை லாயாங் லாயாங் தேவாலயத்தில் நான் பின் வரிசையில் நின்றிருந்தேன். மணியம் அண்ணன் நெற்றியில் திருநீற்றோடு என் பக்கத்தில் நின்றார். எல்லாரும் மண்டியிட்டபோது அவரும் மண்டியிட்டார். அவருக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முதல் வருஷம் உன் மேல் கோபமாக இருந்தது, பதில் சொல்ல நேரம் கொடுக்காமல் போய்விட்டாயே என்று. இப்போது கோபம் இல்லை. நோட்டைத் திறந்தால் தைல வாசனை வருகிறது, எனக்குச் சிரிப்பு வருகிறது. நாள் நன்றாகத்தான் போகிறது.

பதில் இப்போது சொல்கிறேன். எழுதிக்கொள்.

வியாழக்கிழமை நான் மாறவில்லை. நீ வீட்டுக்குப் போன பிறகு நிலை எடைக் கற்களை எடுத்து இரண்டு தடவை தராசைச் சோதித்தேன். தராசில் ஏதாவது கோளாறு அகப்படாதா என்று தேடினேன். வெள்ளிக்கிழமை அந்த அறையில் 'என் அறிக்கை தப்பு' என்று சொன்னபோதும் பாதிதான் நம்பினேன். அண்ணன் வேலை போய், பிறகு நீ சொன்னது சரியாகிவிட்டால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் மீதி. மணி மாதிரி, பலகை மாதிரி என்று கேட்டபோது முக்கால்வாசி வந்தேன். மேனேஜருக்குப் புது வரைபடம் வரைந்து கொடுத்தபோதும் உள்ளே ஒரு ஓரத்தில் பழைய படம் உட்கார்ந்திருந்தது.

அதற்குச் சில வாரம் கழித்து, வெள்ளி சாயங்காலம் உலு திராமுக்குப் புறப்பட்டேன். அம்மா ஒரு பூச்சாடி கேட்டிருந்தார். ரோட்டோரம் சாடிக் கடையில் காரை நிறுத்தினேன். ஒரு சாடியை எடுத்தேன், விரல் முட்டியால் தட்டினேன், காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். கீழே வைத்தேன், அடுத்ததைத் தட்டினேன். கடைக்காரச் சீனப் பாட்டி கையில் விசிறியோடு வந்து, சாடிக்குள்ளே யாரைத் தேடுகிறாய் என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மணியம் அண்ணனின் கை. அது எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. அவசரத்தில் தேதி குறிக்கவில்லை. மணி பார்க்கவில்லை. அன்று நான் எதையும் அளக்கவே இல்லை.

ஆக, உன் கேள்விக்கு என் பதில்: தேதி தெரியாது, மணி தெரியாது, எண்ணிக்கை பூஜ்யம். இந்தப் பூஜ்யம் உண்மையானது.

வெட்கப்பட்டு உன்னிடம் இதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அத்தியாயத்துக்கு நல்ல முடிவு கிடைத்திருக்கும். எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று தேநீர்க் கடையில் அடித்துப் பேசியவன், தன் மனம் மாறிய நாளையே தவறவிட்டான் என்று எழுதியிருப்பாய். எழுதிவிட்டு என்னிடம் காட்டி, மேசையைத் தட்டிச் சிரித்திருப்பாய்.

இன்று காலை 0.07 கிராம் குறைந்திருக்கிறது. ஏன் என்று தெரியாது. ஈரமா, புது மெருகில் ஏதாவது இருக்கிறதா, வெட்டும்போது சில்லு போனதா, இல்லை நம் படத்துக்கே அடுத்த கேள்வி வந்துவிட்டதா. ஒன்று மட்டும் தெரிகிறது. போன தடவை பழைய பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது உட்கார்ந்திருப்பது உன் பஸ்ஸில். இருக்கை ரொம்ப சௌகரியம். அதுதான் ஆபத்து.

இனி செய்யப் போவது:

1. திங்கட்கிழமை அந்தத் துண்டை மறுபடி எடை போடுவேன். எந்த எண் வந்தாலும் அதையும் இன்றைய எண்ணுக்குக் கீழே உன் நோட்டில் எழுதுவேன்.

2. தராசை சர்வீசுக்கு அனுப்பமாட்டேன். அனுப்பியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் பத்து அளவாவது எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

3. எண்ணைச் சொல்லாமல் துண்டை மணியம் அண்ணன் கையில் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்வேன். அவர் சொல்வது எனக்குப் பிடிக்காவிட்டாலும் அதே வார்த்தைகளில் எழுதிக்கொள்வேன்.

4. படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் சேர்ப்பேன். தலைப்பு: 'ஒத்து வராதது'. அதில் எதை எழுதினாலும் சிவப்பு காட்டாது.

5. உன் பென்சில் கேள்விக்குறியை அழிக்கமாட்டேன். அதன் கீழே சாடிக் கடைக் கதையை எழுதி, அந்தப் பக்கத்தின் நகலைக் கட்டுரையோடு சேர்த்து ஸ்டெல்லாவிடம் கொடுப்பேன். உன் விரிவுரையாளர் படிக்கட்டும். கோமாளி பாத்திரத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

6. அடுத்த பஸ் வரும்வரை இறங்கமாட்டேன். ஆனால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.